மயில் மார்க்கு நெஞ்சு

பாலக்காட்டு ஜில்லாவின் எல்லையில் இருக்கிற முதலமடையில் ஆறுமுகசாமியிடம் மாங்காய் விலை பேசப் போகிற வியாபாரிகள் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் போவார்கள். விலைக்கு வருவதற்கு முன்னால் அவர் மழையைப் பற்றிப் பேசுவார். மழை வராததைப் பற்றி அதைவிட அதிக நேரம் பேசுவார். அப்புறம் போன வருஷத்துப் பூ, இந்த வருஷத்துப் பிஞ்சு, லாரிக்காரர்களின் யோக்கியதை என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, கடைசியில் தான் மனசில் நினைத்திருந்த விலைக்கே தோப்பைக் கொடுப்பார். வாங்கினவனும் சிரித்துக்கொண்டே போவான். அப்படி ஒரு வாய் அவருக்கு.

அந்த வாய் மூன்று வருஷம் துண்டால் மூடிக் கிடந்தது என்று இப்போது சொன்னால் ஊரில் சின்னவர்கள் நம்புவதில்லை. பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் அந்த மூன்று வருஷமும் அவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்று பேசியவர்கள்தான்.

ஆறுமுகசாமியின் அப்பன் காலத்தில் அந்தப் பூமியில் நிலக்கடலையும் கொள்ளும்தான். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதில் மாமரம் வைக்கிறேன் என்று இவர் கிளம்பியபோது சொந்தம் ஒறம்பரை எல்லாம் கேலி பண்ணினார்கள். மனுஷன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி மரங்களை ஆளாக்கினார். மரங்களும் நன்றி கெட்டவை அல்ல, கொத்துக் கொத்தாய்க் காய்த்தன. பெண்டாட்டி சுப்பாத்தாள். ஒரே மகள் ராசம்மாள், வீட்டில் ராசு. அவளை மீனாட்சிபுரத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவருக்கு வேறென்ன குறை? ஒரு குறையும் இல்லை, அந்த இருமல் வருகிறவரைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு கடைசியிலோ எழுபத்து மூன்றிலோ அது ஆரம்பித்தது. வறட்டு இருமல். சளி கிடையாது, ஜுரம் கிடையாது. மரத்தில் ஏறினால் மட்டும் பாதியில் மூச்சு வாங்கும். எல்லை தாண்டிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நெஞ்சைப் படம் எடுத்தார். இரண்டு பக்கமும் அடியில் வெள்ளை வெள்ளையாய் நூல் ஓடியிருந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, டி.பி. என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தக் காலத்தில் இருமலும் படத்தில் நிழலும் சேர்ந்துவிட்டால் யாரும் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். எச்சிலைப் பரிசோதித்தார்கள். அதில் கிருமி இல்லை. இருந்தாலும் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆறுமுகசாமியை யாரும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அவரே ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோப்பில் இருந்த சாளைக் குடிசைக்குப் போய்விட்டார். தனக்கென்று ஒரு வட்டல், ஒரு டம்ளர். சுப்பாத்தாள் சண்டை போட்டாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. அவள் சோறு கொண்டுவந்தால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் பதில் சொல்வார். கல்யாணம், காது குத்து எதற்கும் போவதில்லை. வியாபாரிகளிடம் இரண்டே வார்த்தையில் விலை சொல்லி அனுப்பிவிடுவார். அந்த மூன்று வருஷமும் அவர் தோப்பு மாங்காய் அடிமாட்டு விலைக்குத்தான் போயிற்று.

ஊசி குத்திக் குத்தி இடுப்பு மரத்துப்போனது. மாத்திரை மாறியது. மறுபடி படம் எடுத்தால் அதே நூல், அதே இடம். இதில் வேடிக்கை என்னவென்றால் உடம்பு ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. டி.பி.க்காரன் இப்படி மூன்று வேளையும் வளைத்துக்கட்டித் தின்று ஊரில் யாரும் பார்த்ததில்லை.

எழுபத்தாறு தை மாதம் ராசுவுக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோவார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று வகை வகையாய்க் கிளறிக் கூடைகளில் கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டாருக்குப் பரிமாறி, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் உள்ள பாத்தியதை. அழைக்காத வீட்டை ஊர் ஒரு தினுசாகப் பேசும். அனுப்பாத வீட்டையும் பேசும்.

சுப்பாத்தாள் நாலு பெண்களோடு கூடைகளை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆறுமுகசாமி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா வள்ளியாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். அவள் எதையும் ஆள் விட்டுச் சொல்கிற ரகம் இல்லை.

"ஏனுங்ண்ணா, உள்ள வாங்கன்னு கூப்பிடலீன்னு சங்கடப்படாதீங்க."

"நானே வரலீங்க அம்மிணி."

"சோறு நல்லா ருசியாத்தான் இருந்துச்சுங்க. எல்லாரும் சாப்பிட்டாச்சு. ஆனா ராசுவெ நான் இப்ப அனுப்பலீங்க. எங்கண்ணன் இருமி இருமியே போனவருங்க. அந்தச் சத்தம் எங்காதுல இன்னம் இருக்குது. பொறக்கற கொழந்தையெ அந்தக் காத்துல கொண்டு போயி வெக்க எனக்கு மனசு வல்லீங்க. உங்குளுக்கு அந்த நோவு இல்லீன்னு ஒரு டாக்டரு கெட்டியாச் சொல்லட்டும். நானே அவளெக் கொண்டாந்து உட்டுட்டுப் போறனுங்க."

ஆறுமுகசாமிக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அதுதான் அவரை இன்னும் அதிகமாகச் சுட்டது. கதவோரம் ராசு புது வளையல்களோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலிக் கூடைகளோடு திரும்பிவரும்போது சுப்பாத்தாள் வழி முழுக்க அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். மூன்று வருஷ இருமலில் உடையாத மனுஷன் அன்றைக்கு உடைந்துபோனார்.

ஆனால் கெட்டியாக என்று வள்ளியாத்தாள் சொன்ன வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். இல்லை என்று கெட்டியாகச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். அவ்வளவுதானே? பாலக்காட்டில் நெஞ்சு வைத்தியத்துக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் வந்திருப்பதாக லாரி ஆபீசில் சொன்னார்கள். அடுத்த வாரமே பழைய படங்களையெல்லாம் சுருட்டிக் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் ராமபத்ரன் கல்பாத்திக்காரர். நாற்பது வயசு இருக்கும். எதிரில் இருப்பவர் என்ன கேட்டாலும் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்வார், அதையும் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். வாயாடிக்கு வந்து வாய்த்த டாக்டர் இப்படி. அவர் படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஜுரம் வரதுண்டோ?"

"இல்லீங்க டாக்டருங்க."

"சளி?"

"துப்பச் சொன்னாத் துப்பறதுக்கே ஒண்ணும் வராதுங்க."

"பசி எப்படி?"

"அதையெ மட்டும் கேக்காதீங்க," என்றாள் சுப்பாத்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. படத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இந்த நூல் ஓடறது பாருங்கோ. கெளை கெளையாப் பிரிஞ்சு போறது. டி.பி. இப்படி வராது. இந்த வெளுப்பு எலும்போட வெளுப்பாக்கும். பழைய படம் எதாவது இருக்கோ? பத்து வருஷம் முன்னாடி எடுத்தது?"

"எதுக்குங்க?"

"அன்னிக்கே இது இருந்திருந்தா விஷயமே வேறே. டி.பி.ன்னா இத்தனை வருஷத்துக்கு ஒரே இடத்துல கையைக் கட்டிண்டு உக்காந்திருக்காது."

ஆறுமுகசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அறுபத்தாறில் மாமரத்துக் கிளை முறிந்து அவர் கீழே விழுந்தார். விலா எலும்பு உடைந்ததா என்று பார்க்க நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, தைலம் தேய்த்துக்கொள் என்று சொல்லிப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று பார்த்தவர் விலாவைத்தான் பார்த்தார். விலாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

"ஒண்ணு இருந்துச்சுங்க," என்று ஆறுமுகசாமி இழுத்தார். "ஆனா இப்ப அது மயிலாயிப் போச்சுங்க."

விஷயம் இதுதான். மாங்காய்ப் பெட்டி அடிக்க வருஷாவருஷம் மிக்கேல்ராஜ் என்று ஒருவன் வருவான். வண்டிப்பெரியார்க்காரன். அங்கே தேயிலைத் தோட்டத்துப் பெட்டிகளுக்கு ஆணி அடித்து, தோட்டத்து மார்க்கை வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்துச் சாயம் பூசிப் பழகியவன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கீழே இறங்கியவன் முதலமடையிலேயே பெண் கட்டிக்கொண்டான். பம்பாய்க்குப் போகிற பெட்டிக்கு மார்க்கு இல்லாவிட்டால் மதிப்பு இல்லை என்று அவன்தான் யோசனை சொன்னான். முருகன் பெயர்கொண்ட முதலாளிக்கு மயில் மார்க்கு. தகடு துருப்பிடிக்கும், வளையும். வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த படம் வழவழவென்று வாட்டமாக இருந்தது. கேட்டான். எடுத்துக்கோ என்றார் இவர். அவன் படத்தின் நட்டநடுவில் தோகை விரித்த மயிலாகப் பார்த்து வெட்டி எடுத்துவிட்டான். அன்றிலிருந்து பெட்டிமேல் அந்தப் படத்தை வைத்துச் சாயத்தை ஒற்றினால் மயில் விழும். ஆயிரக்கணக்கான மயில்கள் அந்த நெஞ்சு வழியாக பம்பாய்க்குப் போயிருக்கின்றன.

இதைக் கேட்டபிறகுதான் டாக்டர் ராமபத்ரன் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "எப்படி இருந்தாலும் கொண்டுவாங்கோ," என்றார்.

பெட்டி அடிக்கிற சாளையில் ஆணியில் தொங்கிய படத்தை எடுக்கப் போனால் மிக்கேல்ராஜ் குறுக்கே வந்து நின்றான். சீசன் தொடங்குகிற நேரம்.

"என்ன மொதலாளி, மயிலக் கொண்டுபோயிட்டா பெட்டியில நான் எத அடிக்கது?"

"எதையாச்சும் அடி. இது என்ற நெஞ்சுடா."

மிக்கேல்ராஜ் நம்பாமல் வாங்கிப் பார்த்தான். வருஷக்கணக்கில் அப்பிய நீலச் சாயம் தோல் மாதிரி ஏறியிருந்தது. தண்ணீர் விட்டால் படம் கொழகொழவென்று ஆகிவிடும் என்று மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தான். விவரமானவர்கள் இப்படிப் படத்தை வெட்டுவதற்கு முன்னால் வெந்நீரில் போட்டு படத்தின் மேல் இருக்கிற கறுப்பை முழுக்கச் சுரண்டிவிடுவார்கள். இவன் பெரிய சோம்பேறி, செய்யவில்லை. அந்தச் சோம்பல் நன்றாக இருக்கட்டும். சாயம் போனதும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மயிலுக்கு இரண்டு பக்கமும் விலா எலும்புகள் வரிசையாய்த் தெரிந்தன.

"மாதாவே! இம்புட்டு வருசமும் ஒங்க நெஞ்சு மேலயா மொதலாளி சாயம் அடிச்சேன்?" என்றான். அன்று முழுவதும் அவனுக்குக் கை ஓடவில்லை.

பாலக்காட்டில் டாக்டர் அந்தப் படத்தை ஜன்னலில் பிடித்தார். "ஹார்ட் இருக்க வேண்டிய இடத்துல மயில் நிக்கறது," என்றார். மயிலின் காலுக்குக் கீழே, வலது மூலையிலும் இடது மூலையிலும் கத்தி படாத இடம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அங்கேதான் அவருடைய கண் நின்றது. புதுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். ஆறுமுகசாமிக்கு இருமக்கூடப் பயமாக இருந்தது.

"வந்து பாருங்கோ," என்று கடைசியில் கூப்பிட்டார். "இந்தக் கெளை தெரியறதா? இங்கேயும் அதே கெளை. அன்னிக்கு மெலிசு, இன்னிக்குக் கொஞ்சம் தடிமன். பத்து வருஷத்துல இத்தனைதான் வளந்திருக்கு. டி.பி. இல்லை. புத்துநோயும் இல்லை. நுரையீரலுக்குள்ளே எலும்பு முளைச்சிருக்கு. மரம் மாதிரி கெளை விட்டு வளரும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். நேரே பாத்ததில்லை. ஏறக்குறைய நிச்சயமாச் சொல்லலாம்."

"ஏறக்குறையங்களா?"

"ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் முழு நிச்சயம். அதுக்கு விலாவைக் கீறி நெஞ்சைத் திறக்கணும். உங்களுக்கு அது வேண்டாம். ஊசியை நிறுத்திட்டு நிம்மதியாப் போங்கோ. வருஷத்துக்கு ஒரு படம் எடுத்தாப் போறும்."

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். சுப்பாத்தாள் பையைக்கூட எடுத்துவிட்டாள். ஆறுமுகசாமி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏறக்குறையவெக் கொண்டுக்கிட்டு எங்க சம்மந்தியம்மாகிட்டப் போக முடியாதுங்க டாக்டருங்க. அவிய கெட்டியாக் கேட்டிருக்கறாங்க."

"சம்மந்திக்காக யாரானும் நெஞ்சைக் கீறிக்கறதுண்டோ?"

"சம்மந்திக்கில்லீங்க. எம்புள்ளைக்குங்க."

வீட்டில் பெரிய யுத்தமே நடந்தது. "ராசு அங்கயே பெத்துக்கட்டும், நான் போயிக் கூட இருந்துக்கறேன், உங்க நெஞ்சையெக் கீறிக்கிட்டு ஒண்ணும் அவ இங்க வர வேண்டியதில்லெ," என்று சுப்பாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இவருடைய பிடிவாதத்திலும் நியாயம் இருந்தது. மகள் வந்து இருக்க முடியாத வீட்டுக்கு எதற்குத் தோப்பும் பூமியும் என்று ஒரே கேள்வியில் அவள் வாயை அடைத்துவிட்டார்.

டாக்டர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறுமுகசாமிக்குப் பயம் இல்லாமல் இல்லை. பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ் வாளையார் செக்போஸ்டில் சிமெண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, இறங்கி எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி ஊரைப் பார்க்கப் போய்விடலாமா என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. இறங்கியும்விட்டார். சாலையோரக் கடையில் ஒரு டீ குடித்தார். சுப்பாத்தாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லாரி நகர்ந்தது. டீ கிளாஸை வைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்ப ஏறினார்.

அறுத்தவர் ராமபத்ரனோடு படித்த சர்ஜன். விலாவுக்கு நடுவே கீறி, நுரையீரலின் அடிப்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு எடுத்தார். கத்தரி படும்போது மணலை நறுக்கினதுபோல நறநறவென்றதாம். பரிசோதனைக்கூடத்தில் அதைச் சீவிப் பார்க்க முடியவில்லை. எலும்பை ஆசிட்டில் ஊறவைத்து மெதுவாக்கினால்தான் சீவமுடியும் என்றார்கள். அதற்கு நாள் பிடித்தது.

அந்த நாட்களில்தான் ஆறுமுகசாமிக்கு வாய் திரும்பக் கிடைத்தது. நெஞ்சில் கட்டு, பேசினால் வலி, இருமினால் உயிரே போகும். ஆனால் அந்த வார்டில் யாரும் அவரைக் கண்டு பத்தடி தள்ளி நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு மில் தொழிலாளி, எதிர்க் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். மாமரம் பூப்பதில் தொடங்கி மயில் வரைக்கும் அவர்களுக்குச் சொல்லி முடித்தார். முடித்தபின் புதிதாக ஆள் வந்ததால் முதலிலிருந்து சொன்னார். நர்ஸம்மா வந்து, தையல் பிரிந்தால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று திட்டிவிட்டுப் போனாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் ராமபத்ரன் பாலக்காட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அவரா பேசாத டாக்டர்? வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எலும்பு! நிஜ எலும்பாக்கும்! சுண்ணாம்புப் படிவம்னு நினைக்கப்படாது. உள்ளே மஜ்ஜைகூட உண்டு! நான் என் கண்ணாலே பாத்தேன், கேட்டேளா!" வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"இதெப்பிடிங்க எனக்கு வந்துச்சு?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

"மருந்து இருக்குதுங்களா?"

"இல்லை. மெதுவாத்தான் வளரும். மரம் ஏறப்படாது, பீடி குடிக்கப்படாது. பல பேர் இதோட ஒரு குறையும் இல்லாம வயசாகிப் போறா."

"ஒட்டுங்களா?"

"ஒட்டாது."

தெரியாது, இல்லை, ஒட்டாது. மூன்றில் கடைசி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. சுப்பாத்தாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை சத்தமாகவே அழுதாள்.

வள்ளியாத்தாளுக்குத் தாக்கல் சொல்ல ஆள் போனான். அவள் கேட்டுவிட்டு, சரி, அந்த டாக்டர் வாயாலேயே கேட்கிறேன் என்று சுப்பாத்தாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்கே போய்விட்டாள். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் அந்தத் துண்டைக் காட்டினார். அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ரோஸ் நிறத்தில் என்னவோ தெரிந்தது.

"இது இன்னொருத்தருக்கு ஒட்டாதுங்களா?"

"உங்க கையில இருக்கற எலும்பு பக்கத்துல உக்காந்திருக்கறவாளுக்கு ஒட்டுமா அம்மா?"

"ஒட்டாதுங்க." ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. "உங்குளுக்குக் கொழந்தெ இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணு. மூணு வயசு."

"அதெ அவரு மடில உக்கார வெப்பீங்களா?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. வேணும்னா நானே முதலமடைக்குக் கொண்டுவரேன்."

"அதெல்லாம் வேண்டாமுங்க," என்று வள்ளியாத்தாள் எழுந்தாள். "அப்ப சரிங்க."

சொன்ன வாக்குப்படி அவளேதான் கொண்டுவந்து விட்டாள். பங்குனி வெயிலில் குடை பிடித்து, நிறைமாத ராசுவை வண்டியிலிருந்து கையைப் பிடித்து இறக்கி, படி ஏற்றிவிட்டுப் போனாள்.

மகள் வந்தாயிற்று. ஆனால் மூன்று வருஷப் பழக்கம் ஒரே நாளில் விடுமா? ஆறுமுகசாமி வீட்டுக்குள் வந்து படுத்தாரே ஒழிய, ராசுவோடு பேசும்போது துண்டு தானாக வாய்க்குப் போகும். "ஐயா, இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்கையா," என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கோயமுத்தூர் வார்டில் அத்தனை பேருக்கு நடுவே வராத கூச்சம் சொந்த வீட்டில் வந்தது. டாக்டர் இல்லை என்று சொன்னது காதுக்கு எட்டியிருந்தது, கைகாலுக்கு இன்னும் எட்டவில்லை.

சித்திரையில் ஒரு விடியற்காலையில் ராசுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆறுமுகசாமி நிலைப்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார். உள்ளே வாங்க என்று சுப்பாத்தாள் இரண்டு தரம் கூப்பிட்டாள். இருக்கட்டும், இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றார்.

மீனாட்சிபுரத்துக்காரர்கள் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வள்ளியாத்தாள், அவள் புருஷன், புருஷனுடைய அண்ணன், ராசுவின் புருஷன் என்று ஒரு கூட்டம். வள்ளியாத்தாள் குழந்தையைக் கையில் வாங்கி முகத்தைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். அப்புறம், "சேனெ வெச்சாச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க வரட்டும்னுதானுங்க இருக்கறோம்," என்றாள் சுப்பாத்தாள்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் விரலால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் என்பதில் வீடுகளில் மனஸ்தாபமே வந்துவிடும். வள்ளியாத்தாள் வீட்டில் எப்போதும் அவள் புருஷனுடைய அண்ணன்தான். சாது, அதிர்ந்து பேசாதவர். அவரும் வழக்கப்படி கையைக் கழுவிக்கொண்டு வந்து தயாராக நின்றார்.

வள்ளியாத்தாள் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரையைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். கலக்கிவிட்டு நிலைப்படியைப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, அங்க என்ன பண்றீங்க? இங்க வாங்க."

ஆறுமுகசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துண்டைத் தேடினார். "நானுங்களா? நான் வேண்டாமுங்க அம்மிணி. நான் பெரிய வாயாடிங்க. கொழந்தெயும் அப்பிடியே ஆயிப்போயிரும்."

"ஆகட்டுமுங்க. எங்க ஊட்டுல எல்லாரும் உம்முனு இருக்கறவிய. ஒண்ணாச்சும் பேசட்டும்."

புருஷனின் அண்ணன் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டார். ஆறுமுகசாமி கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். கிண்ணத்தில் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பேத்தியின் வாயருகே கொண்டுபோனார். அது நாக்கை நீட்டி விரல் நுனியைப் பிடித்துச் சப்பியது. சப்பியதை விடவேயில்லை. அவர் அடக்கியிருந்த மூச்சு அழுகையாக வெளியே வந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"பேத்தி அப்பிச்சியெ நல்லாப் புடிச்சுக்கிச்சு பாருங்க," என்றாள் ராசு.

கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. தன் விரல் பட்ட தண்ணீர் ஆயிற்றே என்று, வெளியே கொட்டிவிட்டுக் கழுவ அவர் அவசரமாகக் கை நீட்டினார். வள்ளியாத்தாள் கொடுக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து, தூக்கிக் குடிக்காமல் விளிம்பில் வாய் வைத்தே அவ்வளவையும் குடித்தாள். குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சக்கரெ கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்க," என்றாள்.